ஜேஜு தீவின் உணவு மேசையும் நமது பேணுதலும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

கோடை விடுமுறை என்றால் ஊட்டி, கொடைக்கானல் என்றிருந்த நம் குடும்பங்களில் சில, இப்போது தென் கொரியாவின் ஜேஜு தீவைப் பற்றி விசாரிக்கத் தொடங்கியுள்ளன. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடாவிலும் வாழும் நம்மவர்களுக்கு அது எட்டாத ஊராக இல்லை. கொரியத் தொடர்களைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள் அந்நாட்டின் உணவுகளைப் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். ஜேஜுவின் கடலோரக் குடும்பம் ஒன்றின் கதையைச் சொன்ன 2025ஆம் ஆண்டுத் தொடர் ஒன்று, அந்தத் தீவை நம் வீட்டுக் கூடத்திற்கே கொண்டுவந்து விட்டது. பயணம் கூடாதென்று மார்க்கம் தடுக்கவில்லை. பூமியில் சுற்றி வந்து படைத்தவனின் அத்தாட்சிகளைக் காணுமாறு அருள்மறை பல இடங்களில் அழைக்கிறது. போன இடத்தில் எதை உண்பது, எப்படி உண்பது என்பதே நாம் தெளிய வேண்டிய கேள்வி.

இதில் நம்மவர்களிடம் இரண்டு வழக்கங்களைக் காண்கிறோம். ஒரு சாரார் பெட்டி நிறைய நூடுல்ஸும் ஊறுகாயும் பருப்புப் பொடியும் எடுத்துச் சென்று, ஐந்து நாளும் விடுதி அறையிலேயே வெந்நீர் ஊற்றிச் சாப்பிட்டுத் திரும்புகிறார்கள். மறு சாரார், "வெளியூரில் இதையெல்லாம் பார்க்க முடியுமா? பிஸ்மி சொல்லிச் சாப்பிட்டால் போதும்" என்று எதிரில் வந்ததை உண்கிறார்கள். முதல் வழக்கத்தில் பாவமில்லை. ஆனால் பிற மக்களின் வீதிகளில் முஸ்லிமாக வாழ வழியில்லை, ஒளிந்துகொள்ளத்தான் முடியும் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. இரண்டாவது வழக்கத்திலோ, ஹலால் என்பது நம் ஊர் எல்லையோடு முடிந்துவிடும் ஒரு பழக்கம் என்று கற்றுக்கொள்கிறது. இந்த இரண்டு பாடங்களும் நம் பிள்ளைகளுக்கு வேண்டாம். உள்ளூர் உணவகத்திற்குள் தைரியமாக நுழைந்து, மரியாதையாக விசாரித்து, தெளிவானதை உண்டு, தெளிவில்லாததை விட்டுவிடும் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் அறிவும் கொஞ்சம் பொறுமையும் தேவை.

தீவு எதை உண்கிறது?

ஜேஜு ஓர் எரிமலைத் தீவு. நடுவே 1,947 மீட்டர் உயரத்தில் ஹல்லா மலை நிற்கிறது. அதன் எரிமலை நிலப்பரப்பையும் குகைகளையும் யுனெஸ்கோ 2007ஆம் ஆண்டு உலக இயற்கைப் பாரம்பரியமாக அறிவித்தது. எரிமலை மண்ணில் நீர் தங்காது. ஆகவே அங்கு நெல் வயல்கள் அரிது. தினையும் கோதுமை வகையைச் சேராத பக்வீட் என்ற தானியமும் வள்ளிக்கிழங்கும் கடலும்தாம் அம்மக்களை வாழ வைத்தன. வீட்டுக்கு வீடு பன்றி வளர்த்தார்கள். திருமணம், இறப்பு போன்ற பெரிய நிகழ்வுகளில் பன்றியை அவித்து, அந்தச் சாற்றில் கடற்பாசியைப் போட்டுக் கொதிக்க வைத்து ஊரே பகிர்ந்து உண்டது. இன்றும் சுற்றுலா வருவோரிடம் ஜேஜுவின் பெருமையாக முதலில் காட்டப்படுவது கறுப்புப் பன்றி இறைச்சிதான். ஜேஜு நகரில் அதற்கென்றே ஒரு கடைத்தெரு இருக்கிறது.

இதைக் கேட்டவுடன் முகம் சுளிப்பது எளிது. வறண்ட தீவொன்றில் மக்கள் தமக்குக் கிடைத்ததைப் பகிர்ந்து உண்டார்கள் என்று புரிந்துகொண்டால், வெறுப்பின்றி விலகி நிற்க முடியும். விலக்கப்பட்டதை விலக்குவது நம் கடமை. அதை உண்பவரை இழிவாகப் பேசுவது நம் கடமையில் அடங்காது.

அதே தீவின் இன்னொரு முகம் கடல். வாளை மீன் (கல்ச்சி என்பார்கள்), ஓக்தோம் என்ற செந்நிற மீன், கோதுங்கோ எனப்படும் கானாங்கெளுத்தி இன மீன் ஆகியவை சுட்டும் பொரித்தும் குழம்பாக்கியும் தீவெங்கும் கிடைக்கின்றன. கொரியாவில் ஓர் உணவகம் ஒன்றிரண்டு பண்டங்களை மட்டுமே சமைத்து விற்பது பரவலான வழக்கம். வாளை மீன் கடை என்றால் பெரும்பாலும் மீன்தான். இது நமக்குப் பெரிய வசதி.

மீனைப் பிடித்தவர் யார் என்று மார்க்கம் கேட்கவில்லை

கடலில் வேட்டையாடுவதும் கடலுணவும் நமக்கு ஆகுமாக்கப்பட்டிருப்பதை அல்மாயிதா அத்தியாயத்தின் 96ஆம் வசனம் தெளிவாக்குகிறது. கடல் நீர் தூய்மையானது, அதில் செத்ததும் ஆகுமானது என்ற கருத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பதிலளித்த செய்தியை அபூஹுரைரா (ரலி) அறிவிக்கிறார்கள். மீனுக்கு அறுப்பு தேவையில்லை. ஆகவே அதைப் பிடித்தவர் எந்த மதத்தவர் என்ற கேள்வியும் எழுவதில்லை.

அபூஉபைதா (ரலி) அவர்களின் தலைமையில் 300 தோழர்கள் கடற்கரைப் பகுதிக்கு அனுப்பப்பட்டபோது உணவு தீர்ந்து இலைகளைத் தின்னும் நிலை வந்தது. அப்போது கடல் ஒரு பெரும் மீனைக் கரையில் ஒதுக்கியது. அவர்கள் பல நாட்கள் அதை உண்டார்கள். மதீனா திரும்பிச் சொன்னபோது, அல்லாஹ் வழங்கிய உணவு அது என்று கூறிய நபி (ஸல்) அவர்கள், மீதமிருந்ததில் தாமும் உண்டார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இந்நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. பயணத்தில் கடல் முஸ்லிமுக்கு எவ்வளவு பெரிய அருட்கொடை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இங்கே மத்ஹபுகளின் வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். ஏனெனில் தமிழ் முஸ்லிம்களாகிய நம்மில் இரு சாராரும் இருக்கிறோம். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபும், உள்நாட்டு ஊர்கள் பலவற்றில் ஹனஃபி மத்ஹபும் பின்பற்றப்படுகின்றன. இலங்கை, மலேசிய முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாஃபிஈகள். ஹனஃபி மத்ஹபில் கடல்வாழ் உயிரினங்களில் மீன் மட்டுமே ஆகும். இறால் மீன் இனம்தானா என்பதில் அந்த மத்ஹபின் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் கடலில் மட்டும் வாழும் உயிரினங்கள் பொதுவாக ஆகும்; நண்டு போன்ற சிலவற்றில் அந்த மத்ஹபின் நூல்களிலேயே பேச்சு உண்டு.

ஜேஜுவில் இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்காது, மேசைக்கே வந்துவிடும். அங்கே 'ஹேன்யோ' எனப்படும் பெண்கள், உயிர்வளிக் கலன் எதுவுமின்றி மூச்சடக்கிக் கடலில் மூழ்கி, அபலோன் என்ற ஒற்றை ஓட்டுச் சிப்பி, சங்கு, கடல் முள்ளெலி, கணவாய் இனத்தைச் சேர்ந்த ஆக்டோபஸ் ஆகியவற்றை எடுத்து வருகிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் அறுபது வயதைக் கடந்த மூதாட்டிகள். இவர்களது மரபை யுனெஸ்கோ 2016ஆம் ஆண்டு மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுச் செல்வமாகப் பதிவு செய்தது. கடலோரச் சிற்றூர்களில் இவர்களே நடத்தும் எளிய உணவகங்கள் உண்டு. அரிசியும் நல்லெண்ணெயும் அபலோனும் சேர்த்துக் காய்ச்சும் கஞ்சி அங்கே பெயர் பெற்றது. நோன்புக் கஞ்சியில் வளர்ந்த நம் நாவுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. ஷாஃபிஈ குடும்பத்தார் விசாரித்து உண்ணலாம். ஹனஃபி குடும்பத்தார் சுட்ட ஓக்தோமையோ வாளையையோ கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கணவன் ஒரு மத்ஹபும் மனைவி ஒரு மத்ஹபுமாக இருக்கும் வீடுகளில், "நீ உண்பது கூடாது", "நீ உண்ணாதது அறியாமை" என்ற வாக்குவாதத்தை அந்த மேசையில் நடத்த வேண்டாம். இரண்டும் இமாம்களின் வழியே. ஒரே மேசையில் இரண்டு தட்டு இருப்பதால் ஒற்றுமை குலைந்துவிடாது.

ஹலாலான பொருளும் ஹராமான சாறும்

கடலுணவு என்று பெயர் இருப்பதாலேயே எல்லாம் தெளிவாகிவிடுவதில்லை. உண்ணும் பொருளைவிட அது மிதக்கும் சாற்றில்தான் ஜேஜுவில் சிக்கல் அதிகம்.

மேலே சொன்ன கடற்பாசிச் சாறு இன்றும் 'மொம்குக்' என்ற பெயரில் விற்கப்படுகிறது. கிண்ணத்தில் தெரிவது பாசி. அடியில் இருப்பது பன்றி எலும்புச் சாறு. 'கோகி குக்சு' என்ற நூடுல்ஸும் பன்றிச் சாறுதான். பெரணித் தளிர் சேர்த்துச் செய்யும் காரச் சாறு ஒன்று உண்டு. கொரியாவின் பிற பகுதிகளில் அத்தகைய சாறு மாட்டிறைச்சியில் செய்யப்படும், ஜேஜுவிலோ பன்றியில் செய்வது வழக்கம். பக்வீட் மாவில் தோசை போல வார்த்து முள்ளங்கியை வைத்துச் சுருட்டும் 'பிங்தொக்' பார்ப்பதற்குச் சைவப் பண்டம். ஆனால் பழைய முறையில் கல்லில் பன்றிக் கொழுப்பைத் தடவிச் சுடும் வழக்கம் உண்டு. எந்த எண்ணெய் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

கடலோரக் கடைகளில் சிப்பியும் ஆக்டோபஸும் போட்ட ராமியோன் நூடுல்ஸ் பிள்ளைகளை ஈர்க்கும். கடற்பொருள் ஷாஃபிஈகளுக்கு ஆகும் என்றாலும் நூடுல்ஸ் பொட்டலத்தின் மசாலாத் தூளில் இறைச்சிச் சாறு இருக்கக்கூடும். சிங்கப்பூர்க் கடையில் ஹலால் முத்திரையோடு பார்த்த அதே பெயர்ப் பொட்டலம் கொரியாவில் அந்த முத்திரை இல்லாமல் விற்கப்படலாம். ஏற்றுமதிக்குத் தயாரிப்பதும் உள்நாட்டுக்குத் தயாரிப்பதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பெயரைப் பார்த்து நம்புவதற்குப் பதிலாகப் பொட்டலத்தைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

அடுத்தது மது. மீன் வாடையைப் போக்கக் குழம்பில் அரிசி மதுவோ சமையல் மதுவோ சேர்ப்பது அங்குச் சாதாரணம். "கொதித்தால் ஆவியாகிவிடும்" என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். மது என்று தெரிந்தே ஊற்றிய குழம்பை, கொதித்துவிட்டது என்பதற்காக நாம் உண்ண முடியாது. ஆகவே குழம்பைவிடச் சுட்ட மீனே நமக்கு எளிது: உப்பும் நெருப்பும் மட்டும். சோயா சாறு, மிளகாய் விழுது ஆகியவற்றில் கெடாமலிருக்கச் சிறிதளவு எரிசாராயம் சேர்க்கப்படுவதும், நொதித்தலால் தானே உண்டாவதும் உண்டு. இவ்விரண்டைப் பற்றியும் இக்கால உலமாக்களிடையே வேறுபட்ட தீர்ப்புகள் இருக்கின்றன. பயணத்திற்கு முன்பே தம் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொண்டால், மேசையில் உட்கார்ந்து குழம்ப வேண்டியிராது.

கோழியும் மாடும்

"பன்றியைத்தானே தவிர்க்க வேண்டும்? கோழி சாப்பிடலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. வேதம் கொடுக்கப்பட்டோரின் உணவு ஆகும் என்ற வசனத்தை ஆதாரமாகக் காட்டுவார்கள். அந்தச் சலுகையை இங்கே பொருத்துவதில் ஒரு பெரிய தடை இருக்கிறது. 2015ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தென் கொரியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், அதாவது ஏறத்தாழ 56 விழுக்காட்டினர், தமக்கு எந்த மதமும் இல்லை என்று பதிந்தவர்கள். பௌத்தர்களும் கணிசமாக உள்ளனர். அறுத்தவர் யார், எப்படி அறுத்தார் என்று எதுவும் தெரியாத கோழியை வேதக்காரரின் உணவு என்று சொல்ல நமக்கு என்ன ஆதாரம் இருக்கிறது?

இறைச்சி கொண்டுவரப்படுகிறது, அல்லாஹ்வின் பெயர் சொல்லப்பட்டதா என்று தெரியவில்லை என்று கேட்கப்பட்டபோது, நீங்கள் பெயர் சொல்லி உண்ணுங்கள் என்ற பொருளில் நபி (ஸல்) அவர்கள் பதில் தந்த ஹதீஸையும் சிலர் எடுத்துக்காட்டுவர். அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் அந்தச் செய்தியிலேயே, கொண்டுவந்தவர்கள் அண்மையில் இஸ்லாத்தை ஏற்றவர்கள் என்ற விவரம் இருக்கிறது. முஸ்லிமின் அறுப்பில் எழுந்த ஐயத்திற்குச் சொன்ன பதிலை, முஸ்லிமோ வேதக்காரரோ என்றே தெரியாதவரின் அறுப்புக்கு நீட்டுவது பொருந்தாது. இறைச்சி வேண்டுமென்றால் ஹலால் உறுதியுள்ள கடையைத் தேட வேண்டும். இல்லையென்றால் ஐந்து நாள் மீனோடு இருப்பது பெரிய தியாகம் ஒன்றுமில்லை.

கடைகளைத் தேடும்போது ஒரு விவரம் உதவும். கொரியச் சுற்றுலாக் கழகம் முஸ்லிம் பயணிகளுக்கான உணவகங்களை நான்கு வகையாகப் பிரித்திருக்கிறது: ஹலால் சான்றிதழ் பெற்றவை; முஸ்லிம் உரிமையாளர் தாமே ஹலால் என்று உறுதி கூறுபவை; சில ஹலால் உணவுகளை மட்டும் வைத்திருக்கும் 'முஸ்லிம் நேயக்' கடைகள்; பன்றி இல்லாதவை. மூன்றாம் வகைக் கடையில் மது விற்கப்படலாம். நான்காம் வகையில் உள்ள இறைச்சி ஹலாலாக அறுக்கப்பட்டதாக இருக்க வேண்டியதில்லை. 'முஸ்லிம் நேயம்' என்ற சொல்லைப் பார்த்ததும் 'ஹலால்' என்று படித்துவிடக் கூடாது. 1976ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பள்ளிவாசலைச் சுற்றி ஹலால் கடைகள் நிறைந்திருக்கும் சியோலின் இட்டேவோன் பகுதியைப் போன்ற சூழலை ஜேஜுவில் எதிர்பார்க்கவும் முடியாது.

விசாரிப்பதும் சுன்னத்துதான்

நபி (ஸல்) அவர்களுக்கு முன்னால் சுட்ட உடும்பு வைக்கப்பட்டது. கை நீட்டும்போது, அது இன்னதென்று அவர்களுக்குத் தெரிவிக்கப்பட்டது. உடனே கையை எடுத்துக்கொண்டார்கள். ஹராமா என்று கேட்கப்பட்டபோது, இல்லை, தம் ஊரில் இல்லாததால் தமக்கு மனம் ஒப்பவில்லை என்ற கருத்தைச் சொன்னார்கள். காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் அங்கேயே அதை உண்டார்கள்; நபியவர்கள் தடுக்கவில்லை. தட்டில் இருப்பது இன்னதென்று அறிந்த பிறகே உண்ணவோ விடவோ வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி நமக்குக் கற்பிக்கிறது. அறிய வேண்டுமென்றால் கேட்க வேண்டும். கேட்பதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

எப்படிக் கேட்பது? மொழி தெரியாத இடத்தில் நீண்ட விளக்கம் பயன் தராது. "நாங்கள் முஸ்லிம்கள். பன்றி, மாடு, கோழி, மது எதுவும் சேர்ந்த உணவை உண்ண மாட்டோம். மீன் உண்போம். இந்தச் சாற்றில் என்ன இருக்கிறது?" என்று கொரிய மொழியில் எழுதிய சிறு அட்டை ஒன்றை முன்பே தயாரித்துக்கொள்ளலாம். கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலியும் உதவும். 'த்வேஜிகோகி' என்றால் பன்றி இறைச்சி. 'சுல்' என்றால் மது. 'யுக்சு' என்றால் சாறு. இந்த மூன்று சொற்களைப் பிள்ளைகளே மனப்பாடம் செய்துகொள்வார்கள். உட்கார்ந்து தட்டுகள் வந்தபின் கேட்பதைவிட, வாசலிலேயே நின்று கேட்டுவிடுவது கடைக்காரருக்கும் நமக்கும் சங்கடத்தைத் தவிர்க்கும். நண்பகல் நெரிசலில் வயதான பெண்மணி ஒருவர் தனியாகச் சமைத்துக்கொண்டிருக்கும்போது கேள்விக்கு மேல் கேள்வி அடுக்கக் கூடாது. சற்று முன்னதாகவே போய்விட வேண்டும்.

கொரியச் சட்டமும் நமக்கு இரண்டு வகையில் உதவுகிறது. உணவகங்கள் தாம் பயன்படுத்தும் பன்றி, மாடு, கோழி, சில மீன்கள், அரிசி, கிம்ச்சி போன்றவை எந்த நாட்டிலிருந்து வந்தவை என்பதை வாடிக்கையாளர் பார்க்கும்படி எழுதி வைக்க வேண்டும். சுவரில் இருக்கும் அந்தப் பலகையில் பன்றி என்ற சொல் இருந்தால், அந்தச் சமையலறையில் பன்றி இருக்கிறது என்று பொருள். அடுத்ததாக, பொட்டல உணவுகளில் ஒவ்வாமை தரக்கூடிய பொருள்களைத் தனியே குறிப்பிட வேண்டும். கொரியாவின் அந்தப் பட்டியலில் முட்டை, பால், வேர்க்கடலையோடு பன்றி இறைச்சியும் இடம்பெறுகிறது. 'பன்றி' என்பதற்கான கொரிய எழுத்துகளைக் கைப்பேசியில் சேமித்து வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது எளிது. ஆனால் மற்ற இறைச்சிகளின் அறுப்பு முறையை அந்தப் பட்டியல் சொல்லாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பாத்திரங்களைப் பற்றியும் கேட்கிறார்கள். வேதக்காரர்களின் பாத்திரங்களில் உண்பதைப் பற்றி அபூஸஃலபா (ரலி) கேட்டபோது, வேறு பாத்திரம் கிடைத்தால் அவற்றைத் தவிர்க்கவும், கிடைக்காவிட்டால் கழுவிவிட்டு உண்ணவும் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் நடைமுறைத் தீர்ப்பில் பன்றி பட்ட பாத்திரத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்து கழுவ வேண்டும். ஆகவே பன்றியும் மீனும் சேர்த்து விற்கும் கடையைத் தவிர்த்து, மீன் மட்டும் சமைக்கும் கடையைத் தேர்ந்தெடுப்பதே நம் கருத்தில் சரியான வழி. அப்படித் தேர்ந்தெடுத்த பிறகு, "இந்தக் கரண்டியில் முன்பு என்ன பட்டதோ?" என்று துருவிக்கொண்டிருப்பது பேணுதலில் சேராது, அது வஸ்வாஸ். அசுத்தம் என்று உறுதியாகத் தெரியாதவரை ஒரு பொருள் சுத்தமானதே என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி.

கஃபேக்களில்

கடலைப் பார்த்தபடி இருக்கும் கஃபேக்கள் ஜேஜு எங்கும் உண்டு. இங்கே நமக்கு இடர் குறைவு. காபி, தீவில் விளையும் பச்சைத் தேயிலை, ஹல்லாபோங் என்ற பெரிய ஆரஞ்சு வகையின் சாறு ஆகியவற்றில் கேள்வியே இல்லை. தினை மாவில் பிடித்து இனிப்புப் பயறு போர்த்திய 'ஓமெகி தொக்' நம் கொழுக்கட்டையின் தூரத்து உறவு போன்றது. அருகிலுள்ள ஊதோ தீவின் வேர்க்கடலை ஐஸ்கிரீம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அதே வேர்க்கடலையில் செய்த மதுவும் ஒத்த படத்தோடு குப்பியில் விற்கப்படுவதால் பார்த்து வாங்க வேண்டும். கேக் வகைகளில் ஜெலட்டினும் ரம் போன்ற மதுவும் சேரலாம். மூஸ், ஜெல்லி, மார்ஷ்மெல்லோ, திராமிசு ஆகியவற்றை விசாரிக்காமல் வாங்காதிருப்பது நலம்.

மேசையில் நாம் யார்?

ஹலால் என்பது தட்டோடு முடிந்துவிடுவதில்லை. மது சுற்றிவரும் விரிப்பில் அமர வேண்டாம் என்ற கருத்தில் நபிமொழி ஒன்று திர்மிதியில் உள்ளது. கொரிய உணவகங்கள் பலவற்றில் சோஜு என்ற மது கிடைக்கும். முற்றிலும் மது இல்லாத கடை கிடைத்தால் அதுவே சிறந்தது. கிடைக்காதபோது, இரவில் குடிப்பதற்கென்றே கூடும் கடைகளை விட்டுவிட்டு, பகல் வேளையில் குடும்பங்கள் உணவுக்காக வரும் மீன் கடைக்குச் செல்லலாம். நம் மேசைக்கு அது வராமல் பார்த்துக்கொள்ளலாம். இதிலும் தவிர்ந்துகொள்பவரை நாம் மதிக்கிறோம்.

கொரிய உணவில் சோற்றோடு பல சிறு கிண்ணங்களில் தொடுகறிகள் தாமாகவே வந்து நிறையும். அவற்றில் ஹாம் துண்டுகளும் இருக்கலாம். எது வேண்டாமோ அதை மேசையில் வைக்கும் முன்பே பணிவாகத் திருப்பித் தந்துவிட்டால், அது குப்பைக்குப் போகாது. உண்ணுங்கள், பருகுங்கள், விரயம் செய்யாதீர்கள் என்ற இறைக் கட்டளை ஹலாலான உணவுக்கும் உரியது. பன்றியைத் தவிர்த்த பெருமையோடு பாதி மீனைக் குப்பையில் தள்ளுபவர், ஒரு கட்டளையை மதித்து மற்றொன்றை மறந்தவர்.

நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை சொன்னதில்லை. விரும்பினால் உண்டார்கள், விரும்பாவிட்டால் விட்டுவிட்டார்கள் என்று அபூஹுரைரா (ரலி) அறிவிக்கிறார்கள். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த மேசையைப் பார்த்துச் சிரித்தால், அதைத் தடுக்க வேண்டியது பெற்றோரே.

இந்த ஒழுக்கம் ஜேஜுவில் ஏன் கூடுதலாக முக்கியம் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2018ஆம் ஆண்டு, போரிலிருந்து தப்பிய ஏமன் நாட்டவர் சுமார் 500 பேர் விசா தேவையற்ற அந்தத் தீவுக்கு வந்து அடைக்கலம் கேட்டார்கள். முஸ்லிம்களை அதிகம் கண்டிராத நாட்டில் அச்சம் பரவியது. அவர்களை ஏற்கக் கூடாதென்ற மனுவில் 7 இலட்சத்திற்கும் அதிகமானோர் கையொப்பமிட்டார்கள். அதே நேரம், தம் வீடுகளில் இடம் கொடுத்து உதவிய கொரியர்களும் இருந்தார்கள். ஏமன் நாட்டவர் மீன்பிடிப் படகுகளிலும் மீன் பண்ணைகளிலும் உணவகங்களிலும் வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். இறுதியில் இரண்டு பேருக்கு மட்டுமே அகதி நிலை கிடைத்தது. பெரும்பாலோருக்கு மனிதாபிமான அடிப்படையில் தங்கும் அனுமதி தரப்பட்டது.

அத்தீவு மக்களில் பலர் முஸ்லிம்களைப் பற்றி முதலில் அறிந்தது அந்த அச்சத்தின் வழியாகத்தான். அடுத்ததாக அவர்கள் காண்பது, தலையில் முக்காடிட்ட தாயும் தாடி வைத்த தகப்பனும் இரண்டு பிள்ளைகளுமாகத் தம் கடை வாசலில் நிற்கும் நம்மில் ஒரு குடும்பமாக இருக்கக்கூடும். அக்குடும்பம் சலாம் சொல்வது போலத் தலை தாழ்த்தி வணக்கம் தெரிவித்து, இன்னதை உண்போம், இன்னதை உண்ணோம் என்று புன்னகையோடு சொல்லி, தட்டைக் காலி செய்து, நன்றி கூறி எழுந்தால், அது நூறு சொற்பொழிவுகள் செய்யாத வேலையைச் செய்யும். அறையில் ஒளிந்து நூடுல்ஸ் தின்ற குடும்பத்தாலும், வந்ததையெல்லாம் தின்ற குடும்பத்தாலும் அதைச் செய்ய முடியாது.

ஹலால் தெளிவானது, ஹராமும் தெளிவானது, இடையில் ஐயத்திற்குரியவை உள்ளன, அவற்றைத் தவிர்த்தவர் தம் மார்க்கத்தையும் மானத்தையும் காத்துக்கொண்டார் என்ற கருத்துள்ள ஹதீஸை நம் மதரஸாப் பிள்ளைகள் ஓதி ஒப்புவிக்கிறார்கள். அதன் பொருளை அவர்கள் கண்ணால் காண்பது தாயும் தந்தையும் ஓர் அந்நிய ஊரின் மேசையில் நடந்துகொள்ளும் விதத்தில்தான். "கேட்டுப் பார்ப்போம், தெளிவில்லையென்றால் அடுத்த கடைக்குப் போவோம்" என்று சொல்லும் தகப்பனின் ஒரு சொல், பிள்ளையின் நெஞ்சில் நீண்ட காலம் தங்கும். நாளை அவன் தனியாக வேறொரு நாட்டில் படிக்கவோ வேலைக்கோ போகும்போது, அந்தச் சொல்லே அவனுக்குத் துணையாக வரும், இன்ஷா அல்லாஹ்.

வல்ல அல்லாஹ் நம் பயணங்களை நலமாக்கி வைப்பானாக! எங்கிருந்தாலும் தூய்மையானதை உண்டு, அவனுக்கு நன்றி செலுத்தும் நல்லடியார்களாக நம்மையும் நம் சந்ததிகளையும் ஆக்குவானாக! ஆமீன்.